றோஸ் மூடிவைத்த கிழங்குக் குவியல்

கார்த்திகை மாதத்துக் காலை ஒன்றில், லண்டன் எட்மண்டனில் பஸ்ஸுக்குள் இருந்தபோது றோஸின் தம்பி போன் எடுத்தார். "அக்கா விடியப் போயிட்டா, அண்ணை" என்றார். நான் "ஓம், ஓம்" என்று மட்டும் சொன்னேனாம். இறங்கவேண்டிய இடத்தை விட்டுவிட்டு, எங்கேயோ இறங்கி, லீ ஆற்றங்கரையோரம் பனிப்புகாருக்குள் நடந்தேன். எவ்வளவு நேரம் நடந்தேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

வால்தம்ஸ்டோ கத்தோலிக்கக் கோயிலில் பாட்டுக்குழுவின் முன்வரிசையில் நின்ற மரியறோஸை உங்களில் பலர் அறிவீர்கள். நான் அறிந்த றோஸ் முழங்கால் வரை ரப்பர் சப்பாத்துப் போட்டவர். பிள்ளைகள் பார்க்க வருகிற சிறு பண்ணையொன்றில் பதினாலு செம்மறியாடுகள் அவர் பொறுப்பில் இருந்தன. மன்னாரில் பிறந்து, டென்மார்க்கில் பதினொரு வருடம் பண்ணை வேலை செய்து, பிறகு லண்டன் வந்தவர். ஹவுன்ஸ்லோவில் விமான நிலைய வேலை போய், ஐம்பத்திரண்டு வயதில் நான் அங்கே சேர்ந்தபோது, என்னைவிட மூன்று வயது இளைய அவர்தான் எனக்கு மூத்தவர்.

குளிர்காலத்தில் புல் சத்தில்லாமல் போய்விடும். அப்போது ஆடுகளுக்கு வைக்கோலோடு கிழங்கும் வேண்டும். பீட்ரூட் இனம்தான், ஆனால் ஒவ்வொன்றும் தேங்காய் அளவு, தோல் மஞ்சள். உறைபனிக்கு முன்னர் கிண்டி எடுத்து, குவித்து, வைக்கோல் பரப்பி, மேலே மண் போட்டு மூடுவோம். "அண்ணை, உந்தக் குவியலைத் தொடாதேங்கோ. வருசம் பிறக்கட்டும்" என்று றோஸ் சொன்னார். இந்த மனுசி கிழங்கில்கூடக் கஞ்சத்தனம் பிடிக்கிறாரே என்று நான் மனதுக்குள் சிரித்தேன்.

போன கிறிஸ்மஸுக்கு முதல்நாள் பின்னேரம் பண்ணையைப் பூட்டும் முறை என்னுடையது. நத்தார் என்றால் வீட்டு நாய்க்கும் ஒரு துண்டுப் பலகாரம் போடுகிற ஆட்கள் நாங்கள். ஆடுகள் காய்ந்த புல்லை மென்றுகொண்டு என்னையே பார்த்தன. மனம் கேட்கவில்லை. குவியலின் ஒரு மூலையைத் திறந்து, இரண்டு வாளி கிழங்கு எடுத்து, விரல் நீளத்துக்கு நறுக்கிப் போட்டேன். அவை ஆசையோடு தின்றதைப் பார்த்து, பெரிய புண்ணியம் செய்தவன்போல வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் பூசை முடிந்து றோஸ் நேரே வந்துவிட்டார். பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகி, அதே சப்பாத்து. நான் வந்தபோது எல்லா ஆடுகளும் கழிந்துகொண்டிருந்தன. கட்டைச்செவி என்று நாங்கள் கூப்பிடும் சினையாடு எழும்ப மாட்டாமல் கிடந்தது.

"என்னண்ணை குடுத்தனீங்கள்?"

"ரெண்டு வாளி கிழங்கு. அதுகளுக்கும் நத்தார்தானே எண்டு…"

"அதுகளுக்கு நத்தார் இல்லை, அண்ணை. வயிறு மட்டும்தான் இருக்கு."

கிண்டிய கிழங்கு மண்ணுக்குள் இரண்டு மாதமாவது கிடந்து ஆறவேண்டும், அதற்கு முன் கொடுத்தால் வயிற்றைக் கலக்கிவிடும் என்று அன்றுதான் எனக்கு விளங்கியது. மிருக வைத்தியரும் வந்து பார்த்தார். மற்ற ஆடுகள் தேறின. மூன்றாம் நாள் கட்டைச்செவி குறைக்குட்டி போட்டது. உள்ளங்கையில் அடங்கும் அந்த உயிரற்ற உடலை றோஸ் தன் தலைத்துண்டில் சுற்றினார். நான் அழுதேன், வெட்கப்படாமல் சொல்கிறேன்.

மனேஜர் விசாரித்தார். வேலைக்கு வந்து மூன்று மாதமே ஆகியிருந்த எனக்கு அன்றோடு முடிந்தது என்றே நினைத்தேன். "திறந்தது அவர். ஏன் திறக்கக்கூடாது என்று விளங்கச் சொல்லாதது நான்" என்றார் றோஸ், தன் டெனிஷ் வாடை அடிக்கும் ஆங்கிலத்தில். வெளியே வந்ததும் என்னைப் பார்த்து, "பிழையை அரைவாசி அரைவாசியா வெட்டியாச்சு. இனி வாளியைத் தூக்குங்கோ" என்றார்.

தை பிறந்தது. அந்தக் காலைகள் இப்போதும் எனக்குக் கனவுபோலத்தான் வருகின்றன. வெள்ளைப் புகாருக்குள் ஆடுகளின் மூச்சு மட்டும் முதலில் தெரியும், பிறகு முகங்கள். கிழங்கு கடிபடும் சத்தத்துக்கு நடுவே றோஸ் ஏதோ கோயில் பாட்டை மெல்ல முணுமுணுப்பார். ஆனால் ஒன்று கவனித்தேன். குவியலைத் திறப்பதும் மூடுவதும் எப்போதும் அவர்தான். நான் வாளி தூக்கினேன். இவர் இனி என்னை நம்பமாட்டார் என்று முடிவு செய்துகொண்டேன், கேட்கத் தைரியம் வரவில்லை.

கோடையில் அவருக்குப் புற்றுநோய் என்றார்கள். ஐப்பசியில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். இந்த முறை எப்படியும் அதைக் கேட்டுவிடவேண்டும் என்றுதான் போனேன். அவர் கண்ணைத் திறந்து, "கிழங்கு கிண்டியாச்சோ?" என்றார்.

"ஓம், போன கிழமை."

"மண்ணைக் கனக்கப் போடுங்கோ. பனி உள்ளுக்குப் போகக்கூடாது."

அதற்குள் தூங்கிவிட்டார். நான் கேட்கவில்லை.

அடக்கம் முடிந்து கோயில் மண்டபத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது மனேஜர் என்னிடம் வந்தார். கடைசிக் கிழமையில் றோஸ் அவருக்குப் போன் செய்தாராம். இனிக் குவியலைத் திறக்கும் பொறுப்பை எனக்கே கொடுக்கவேண்டும், வேறு எவரையும் கைவைக்க விடவேண்டாம் என்றாராம். "போன வருடம் நடந்தது நினைவில்லையா என்று கேட்டேன்" என்றார் மனேஜர். "அதற்கு றோஸ், 'நினைவிருப்பதால்தான் சொல்கிறேன். அந்த மனிதர் இனி அவசரப்படமாட்டார்' என்றார்." நான் தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன்.

றோஸை அறிந்தவர்களே, அவருடைய பாட்டை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அவர் விட்டுப்போனது பொறுமை. இன்று நத்தாருக்கு முதல்நாள். புகாருக்குள் ஆடுகள் என்னைப் பார்த்துக் கத்துகின்றன, கட்டைச்செவி எல்லாவற்றையும்விட உரக்க. பக்கத்தில் மண் மூடிய குவியல் இருக்கிறது. நான் திறக்கவில்லை, றோஸ்.