எங்கள் வீட்டுச் சைகையில் என் பெயர்

பாகூர்ப் பக்கம் எங்கள் ஊர்ப் பள்ளியின் ஆண்டு விழா நாடகத்தில் வசனம் எனக்கு மட்டும்தான். மற்ற ஒன்பது பேருக்கும் வாயே கிடையாது. ஆகவே கதாநாயகன் நான்தான் என்று ஐந்தாம் வகுப்பு முழுக்கத் தண்டோரா போட்டுவிட்டேன்.

கையாலேயே பேசும் ஒரு நாடு. அங்கே வழிதவறி வரும் வாய்பேசி ஒருவன், தாகத்துக்குத் தண்ணீர் கேட்டாலும் யாருக்கும் புரியாமல் திண்டாடுகிறான். அதுதான் கதை. அந்த நாட்டு ராணி, காது கேட்காத, பேச்சு வராத என் அக்கா. ஏழாவது படித்தாள். தமிழ் வாத்தியார் முதலில் அவளைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அப்புறம்தான் கதையையே யோசித்தாராம். எங்கள் வீட்டுச் சைகைகளே நாட்டு மொழி ஆயின. மீசையை முறுக்கினால் அப்பா. மூக்குத்தியைத் தொட்டால் அம்மா. விரல்கள் வாத்தின் அலகுபோலத் திறந்து திறந்து மூடினால், ஓயாத வாய்க்காரனான நான்.

பள்ளியில் 'ஊமச்சி தம்பி' என்ற பட்டம் எனக்கு ஏற்கெனவே உண்டு. மேடையில் அவளைப் பார்த்து ஊர் சிரித்துவிட்டால் அது ஆயுசுக்கும் ஒட்டிக்கொள்ளுமே என்பதுதான் என் ஒரே பயம்.

திரை விலகியது. ஊர் சிரித்தது, என்னைப் பார்த்து. அப்பாவின் வேட்டி என் இடுப்பைவிட்டுக் கிளம்பியிருந்தது. வேட்டியைப் பிடித்தேன், வசனத்தை விட்டேன். திரைக்குப் பின்னாலிருந்து வாத்தியார் அடியெடுத்துக் கொடுத்தது ஜெனரேட்டர் இரைச்சலில் கேட்கவில்லை.

"இன்னாடா, இவனும் ஊமையாயிட்டானா?" என்றது முன்வரிசை.

அழுகை மூக்குவரை வந்துவிட்டது. அப்போது ராணி எழுந்தாள். ஒத்திகை நாட்களில் என் உதட்டைப் பார்த்தே என் வசனம் முழுவதையும் மனப்பாடம் செய்திருக்கிறாள்! வாத்து அலகைக் காட்டி என்னைக் கூப்பிட்டாள். கட்டைவிரலை வாய்க்குச் சாய்த்தாள். "தண்ணீர்!" என்று கத்தினேன். வயிற்றைத் தடவினாள். "பசிக்கிறது!" அவள் கை முந்தியது, என் வாய் பிந்தியது. நாலைந்து வரிக்குள் சனங்கள் அவள் கையைப் படிக்கக் கற்றுவிட்டார்கள். அவள் இரண்டு கைகளையும் கூரைபோலச் சேர்த்ததும், நான் வாயைத் திறக்குமுன் பின்னாலிருந்து ஒருவர், "தங்க வூடு கேக்குறான்பா, குடுங்க!" என்றார்.

மறுநாள் டீக்கடை, பஸ் நிறுத்தம், ரேஷன் கடை, எங்கே போனாலும் ஒரு வாத்து அலகு என்னைப் பார்த்துத் திறந்து மூடியது. வீட்டுக்கு ஓடிவந்தால், அதுவரை எங்கள் வாசலை மிதித்தே இராத ஏழாம் வகுப்புப் பெண்கள் நாலு பேர் அலகைக் காட்டி, நான் எங்கே என்று அக்காவிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். அவளும் கை ஓயாமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எங்க வூட்டு சைகைய ஏண்டி எடுத்தீங்க?" என்று கத்தினேன்.

ஊரே கேலி செய்கிறது என்று இரண்டு நாள் வயிற்றுவலி நடித்துப் படுத்துக்கொண்டேன். அந்த நடிப்பில் மட்டும் வசனம் மறக்கவில்லை. அக்காவின் மொழியில் ஊர் கற்றுக்கொண்ட முதல் சொல் என் பெயர் என்பது அப்போது எனக்கு எட்டவே இல்லை.