பவர் படத்துக்கு அவள் சொன்ன கதை

ஐம்பதைத் தாண்டிய ஒருவன், பறக்கிறவர்களையும் நெருப்புக் கக்குகிறவர்களையும் பார்க்க மதியக் காட்சிக்கு வரிசையில் நின்றால் அருப்புக்கோட்டையில் சிரிக்கத்தான் செய்வார்கள். சிரிக்கட்டும். பிறக்கும்போதே மரபணு மாறிப்போய், பிறகு ஒரு நாள் தன்னிடம் ஏதோ சக்தி இருப்பதைக் கண்டு தானே பயந்துபோகிறவர்களின் கதை எனக்குப் பிடிக்கும். தமிழில் குரல் கொடுத்து வருகிற அந்த வகைப் படம் ஒன்றையும் விட்டதில்லை. எங்கள் வீட்டில் அதற்குப் பவர் படம் என்று பெயர். நான் வேலை பார்க்கும் இரும்புக்கடையில், "உங்களுக்கு என்னண்ணே பவரு?" என்று கேலி பேசுவார்கள். உங்களோடு இத்தனை வருஷம் காலம் தள்ளுவதுதான் என்பேன்.

என் மனைவியும் கூட வருவாள். இடைவேளை முறுக்குக்காக வருகிறாள் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன்.

அவள் பதினேழு வயதிலிருந்து விசைத்தறியில் நின்றவள். ஒரே கூடத்தில் எட்டுத் தறி ஓடும்போது பக்கத்தில் இருப்பவர் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே யாரும் கத்துவதில்லை. சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைப்பார்கள். நான்கு தறி தள்ளி நிற்பவள் அதைப் படித்துவிட்டுப் பதில் சொல்வாள். எங்கள் வீட்டுப் பேச்சு தெலுங்கு, அந்த உதட்டுப் பேச்சும் தெலுங்குதான். கல்யாணமான புதிதில், சொந்தக்காரர்கள் நிறைந்த வீட்டில், கூடத்தின் அந்தக் கோடியில் இருந்துகொண்டு உதட்டை அசைத்தே என்னை வம்புக்கு இழுப்பாள். பதில் சொல்லத் தெரியாமல் திருதிருவென்று விழிப்பேன். அவளைத் திருப்பிக் கேலி செய்வதற்காகவே நானும் அதைக் கற்றுக்கொண்டேன்.

கொஞ்ச வருஷத்துக்கு முன்னால் ஒரு பவர் படம் பார்த்தோம். அதில் ஒரு பெண்ணுக்குப் பத்து மைலுக்கு அப்பால் பேசுவதும் கேட்கும். அந்தச் சத்தம் தாங்காமல் எப்போதும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டே இருப்பாள். வெள்ளைத்தாடி வைத்த வில்லன் அவளைக் கடத்தி ஒற்றுக்கேட்க வைக்கப் பார்ப்பான். மறுநாள் திருச்சுழியிலிருந்து அவளுடைய தங்கை வந்திருந்தபோது, என் மனைவி அந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். "அந்தப் புள்ளைக்குக் காது கேக்காது. அதான் பாவம், காதைக் காதைத் தொட்டுப் பாத்துக்கிட்டே இருக்கா. தாடிக்காரரு அவளோட அப்பா. எப்படியாச்சும் வைத்தியம் பாக்கணும்னு அவளை ஊரு ஊரா தூக்கிட்டுப் போறாரு."

எனக்குப் புரையேறிவிட்டது. "அடியே, அவன் வில்லன்!" என்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். உண்மைக் கதையை நான் சொன்னேன். தங்கைக்காரி இரண்டையும் கேட்டுவிட்டு, அக்கா சொன்னதுதான் நல்லா இருக்கு என்று தீர்ப்புச் சொன்னாள்.

முகக்கவசம் போட்ட காலத்தில் அவள் வெளியே போவதையே நிறுத்திக்கொண்டாள். எனக்குச் சளி பிடித்து வீட்டுக்குள்ளும் முகத்தை மூடிக்கொண்டிருந்த பத்து நாளும் எங்களுக்குள் ஓயாத சண்டை. சாப்பிட்டாயா என்றால் துவைத்துவிட்டேன் என்பாள். வேண்டுமென்றே செய்கிறாள், திமிர் என்று திட்டினேன். இப்போது அதை எழுதக் கை கூசுகிறது.

போன ஐப்பசியில் இன்னொரு பவர் படம். இடைவேளை முடிந்து பத்து நிமிஷம் இருக்கும். திரையில் பெரிய பாலம் ஒன்று உடைந்து விழும்போது சட்டென்று சத்தம் நின்றுவிட்டது. படம் மட்டும் ஓடுகிறது. தியேட்டர் முழுக்க விசில். "ஏலே, சவுண்டு!" என்று நாற்காலியைத் தட்டுகிறார்கள். நானும் என் பங்குக்குக் கத்திவிட்டுத் திரும்பினால், அவள் முறுக்கைக் கடித்தபடி அதே முகத்தோடு திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். முன்வரிசைக்காரர்கள் எழுந்து நின்று மறைத்த பிறகுதான் என் பக்கம் திரும்பினாள்.

"எதுக்கு எல்லாரும் எந்திரிச்சு நிக்கிறாக?"

படம் விட்டு வெளியே வந்ததும் அவளுக்குப் பின்னால் நடந்துகொண்டே, "உன் தோளில் பல்லி" என்றேன். பல்லி என்றால் தெருவையே கூட்டுகிறவள். முந்தானையைச் சரிசெய்தபடி நடந்துகொண்டே இருந்தாள். நடுத்தெருவில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து, அவள் முகத்துக்கு நேரே உட்கார்ந்து, எத்தனை நாளாக என்று கேட்டேன். முதலில் மழுப்பினாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"ஏழெட்டு வருஷமா கொஞ்சங் கொஞ்சமா போயிருச்சு. சொன்னா தறியை விட்டு நிறுத்திருவாக. ஊரே எங்கிட்டக் கத்திப் பேசும். நீங்களும் கத்துவீக. கத்தும்போது யாருக்கும் மூஞ்சி கோவக்கார மூஞ்சியா ஆயிரும். நாளெல்லாம் அதையே பாத்துக்கிட்டு நான் எப்படி இருக்க?"

தமிழ்ப் படத்தில் நடிகர்களின் உதட்டைப் படித்தே கதையைப் பிடித்துவிடுவாளாம். பவர் படத்தில் உதடு இங்கிலீஷ் பேசுகிறது, ஒன்றும் பிடிபடாது. பின்னே ஏன் ஒவ்வொரு தடவையும் கூட வந்தாய் என்றேன்.

"நீங்க சின்னப்புள்ள கணக்கா வாயைப் பொளந்துக்கிட்டுப் பாப்பீகல்ல, அதைப் பாக்கத்தான்."

அடுத்த வாரம் மதுரைக்குப் போனோம். டாக்டரம்மா ஒரு காகிதத்தால் தன் வாயை மறைத்துக்கொண்டு பேசியபோது அவளுக்கு ஒரு வார்த்தைகூடத் தெரியவில்லை. காகிதத்தை எடுத்ததும் ஒன்று விடாமல் திருப்பிச் சொன்னாள். இத்தனை வருஷம் எப்படிச் சமாளித்தார்கள் என்று டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "அவளுக்குப் பவர் இருக்கு" என்றேன். விளையாட்டாகச் சொல்லவில்லை.

இடது காது போனது போனதுதான். வலது காதுக்கு மிஷின் வைக்கலாம். ஆனால் தறிச் சத்தத்தில் நின்றால் மிச்சம் இருப்பதும் போய்விடும் என்றார். அன்று பஸ்ஸில் அவள் அழுததைத் தடுக்க எனக்கு வழி தெரியவில்லை. இப்போது அதே முதலாளியிடம் சேலை மடிக்கிற வேலைக்குப் போகிறாள். அங்கே சத்தமில்லை. சத்தமில்லாத இடத்தில் எல்லாரும் வாய்விட்டே பேசுகிறார்கள், சப்பென்று இருக்கிறது என்கிறாள்.

மிஷின் வைத்த பிறகு முதல் படமும் பவர் படம்தான். முதன்முதலாக அவளுக்கும் எல்லாம் கேட்கப்போகிறது என்று ஒரு வாரமாக நான்தான் குதித்துக்கொண்டிருந்தேன். கால்மணி நேரத்தில் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"வாய் ஒண்ணு சொல்லுது, காதுல வேற ஒண்ணு விழுகுது. நான் எதை நம்ப?"

மிஷினைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்து மூடினாள். என் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். திரையில் வெள்ளைக்காரன் இங்கிலீஷில் வாயசைக்கிறான். ஸ்பீக்கரில் தமிழ் வருகிறது. நான் அதைத் தெலுங்காக்கிச் சத்தமில்லாமல் உதட்டை அசைத்தேன். பக்கத்தில் இருந்தவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். திரையைப் பார்க்காமல் எவ்வளவு நேரம் கதையைப் பிடிக்க முடியும்? பாதியில் தவறவிட்டேன். அதனால் நானே சொல்ல ஆரம்பித்தேன்: அந்தப் பெண்ணுக்குக் காது கேட்காது, அவளோடு வருகிறவன் வில்லன் இல்லை, அவளை அவனுக்கு ரொம்பப் பிடிக்கும், வைத்தியம் பார்க்க ஊர் ஊராகக் கூட்டிக்கொண்டு போகிறான்.

அவள் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் தொடையில் நறுக்கென்று கிள்ளிவிட்டு, உதட்டை மட்டும் அசைத்தாள்.

"பொய். இது நான் சொன்ன கதை."