இடப்பக்கம் இழுத்த ஹெலிகொப்டர்

சென்ற வருடம், மழை பிடிக்கப் போகிறது என்று வானம் சும்மா பயங்காட்டிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். கொட்டாஞ்சேனையில், மூன்றாம் மாடியில் இருக்கிறது என் தோழியின் வீடு. அவளுடைய கணவரைச் சுகம் விசாரிக்கத்தான் வெள்ளவத்தையிலிருந்து பஸ் ஏறிப் போயிருந்தேன்.

அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். லேசான பாரிசவாதம் வந்து வலது கை தளர்ந்து, பிறகு மெல்ல மெல்ல மீண்டுகொண்டிருந்தது. வேலைக்குத் திரும்பலாமா என்று பார்க்க அடுத்த கிழமை மருத்துவப் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அதற்குப் போவதில்லை என்று அவர் சொல்லிவிட்டாராம். தோழி இதைக் குசினி வாசலில் வைத்துக் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"ஏனாம்?"

"அந்தச் சனியன் புடிச்ச ஹெலிதான் அக்கா. நீங்களே பாருங்க."

கட்டாரிலிருந்து வந்த அவளுடைய தம்பி கொண்டுவந்த ரிமோட் ஹெலிகொப்டர் அது. விரல்களுக்குப் பயிற்சியாக இருக்கும் என்று கொடுத்திருக்கிறான். ஒரு புறாவின் அளவு. ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு சோடி இறக்கைகள். மேலது ஒரு பக்கம் சுற்ற, கீழது எதிர்ப்பக்கம் சுற்றும். ஒன்றின் முறுக்கை மற்றது தின்றுவிடுவதால் வால் சுழலாமல் நிற்கும் என்று, நாங்கள் அறைக்குள் வந்ததும் கணவரே விளக்கினார். ரிமோட்டில் இரண்டு சின்னக் குச்சிகள்: இடது கைவிரல் உயர்த்தும், தாழ்த்தும். வலது கைவிரல் எந்தப் பக்கம் போவதென்று சொல்லும்.

அவர் அதைக் கிளப்பினார். நிலத்தை விட்டு எழும்பியதுமே இடப்பக்கம் சரிந்து, யாரோ காதைப் பிடித்து இழுத்துப் போவதுபோல் போய்ச் சுவரில் முட்டி விழுந்தது. மறுபடியும் கிளப்பினார். மறுபடியும் அதே சுவர்.

"பாத்தீங்களா? எடப்பக்கம்தான் போகும். நான் வலப்பக்கம் தள்ளுறதா நெனைக்கிறன், கை தள்ளுதில்ல." ரிமோட்டை மடியில் வைத்தார். "இதையே நேரா புடிக்க ஏலாத கை, ஆளுக்கு மேல கொன்டேனர தூக்குமா அக்கா?"

எனக்கு அவருக்கு ஆறுதல் சொல்லத் தோன்றவில்லை. அவர் சொன்னது சரியாக இருந்தால் கிரேனில் ஏறாமல் இருப்பதே நல்லது. பிழையாக இருந்தால் ஒரு மனிதன் காரணமில்லாமல் தன் வேலையை விட்டு இறங்கப் போகிறான். இரண்டில் எது என்று தெரியாமல் அந்த வீட்டிலிருந்து எழும்பிப் போக மனம் வரவில்லை. தெரியாததைக் கண்டால் அரிப்பெடுக்கும் பிறவி நான்.

"காத்தாய் இருக்குமோ?" என்றேன்.

துறைமுகப் பக்கத்து யன்னல்களைச் சாத்தினோம். மின்விசிறியையும் நிறுத்தினோம். வீடு அவியும் பானைபோல் ஆனது. ஹெலி எழும்பியது, இடப்பக்கம் போனது.

ரிமோட்டில் சாய்வைத் திருத்த ஒரு சின்னப் பொத்தான் உண்டு. அவர் அதை ஏற்கெனவே வலப்பக்கமாகக் கடைசிவரை அழுத்தி வைத்திருந்தார். இறக்கைகளைப் பார்த்தோம். கீழ்ச் சோடியில் ஒன்றின் ஆணி இறுகியிருந்தது. இறக்கை தன் ஆணியில் தளர்வாக ஆடினால்தான் சுற்றும்போது தானாக விரிந்து நேராகும் என்றார். கண்ணாடி திருத்தும் சின்னத் திருப்புளியால் அதைத் தளர்த்தினார். அதுவும் வலது கையால்தான். ஆணித் தலையில் திருப்புளி உட்காரக் கொஞ்ச நேரமெடுத்தது; உட்கார்ந்தது. இந்த முறை ஹெலியின் நடுக்கம் நின்றது. சரிவு நிற்கவில்லை.

"நான் விட்டுப் பாக்கட்டே?"

விட்டேன். இடப்பக்கம் போய் அதே சுவரில் இடித்தது.

"உங்களுக்குப் பழக்கமில்ல, அதான்," என்றார் அவர், ஆறுதல் சொல்வதுபோல. தோழி சிரித்தாள். "சுகம் விசாரிக்க வந்தவங்கள வெச்சு சுவர இடிக்கிறீங்க."

சிரிப்பு அடங்கும்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. நானும் வலது விரலை அந்தக் குச்சியிலிருந்து எடுக்கவில்லை. அவரும் எடுத்ததில்லை. யாருமே தொடாவிட்டால் அது என்ன செய்யும்?

"வலது கையை எடுத்துப்போட்டு, இடது கையால மட்டும் உயர்த்துங்கோ."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். அதுவரை ஏன் அப்படிச் செய்து பார்க்கவில்லை என்று அப்போதுதான் விளங்கியது. தளர்ந்த கைக்கு ஓய்வு கொடுக்கவே கூடாது என்று வைத்தியசாலையில் சொல்லிவிட்டிருந்தார்கள். அன்றிலிருந்து தேத்தண்ணிக் கோப்பை, கதவுப் பூட்டு, செபமாலை எல்லாமே அந்த வீட்டில் வலது கைக்குத்தான். அந்தக் கையை எடுப்பது அங்கே கிட்டத்தட்ட ஒரு குற்றம். தோழி அரைமனதாகத் தலையாட்டினாள். அவர் கையைத் தூக்கித் தொடையில் வைத்தார், தூங்குகிற ஒன்றைக் கிடத்துவதுபோல.

ஹெலி எழும்பியது. யாரும் தொடாமலே இடப்பக்கம் சரிந்தது.

"அப்ப இது…" என்றபடி அவர் ஹெலியைக் கையில் எடுத்தார்.

எல்லா இறக்கைகளுக்கும் மேலே, இரண்டு நுனியிலும் குண்டு வைத்த ஒரு மெல்லிய கம்பி இருக்கும். அதன் நடுவை இரண்டு விரலால் பிடித்து ஹெலியைத் தூக்கித் தொங்கவிட்டார். கிரேன்காரரின் பழக்கம், எதையும் தொங்கவிட்டுத்தான் அதன் பாரம் எங்கே என்று பார்ப்பாராம். அந்த உடம்பு இடப்பக்கம் கோணிக்கொண்டு தொங்கியது. முன்பக்கத்துப் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினார். உள்ளே இடப்பக்கச் சுவரில், கறுப்பு டேப் சுற்றிய தட்டையான ஏதோ ஒன்று. பிரித்தோம். அந்தோனியார் மெடல்.

தோழியின் முகம் மாறியது. "புதுச் சாமான் வந்தா நம்ம வீட்டில வைக்கிறதுதானே. கோயில்ல மந்திரிச்சு வாங்கி வந்து நான்தான் வெச்சன். உங்களுக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னுதான்."

"ஃபிரிஜ்ஜிலயும் வெச்ச. அது பறக்கிறதில்ல, தப்பிச்சுது," என்றார் அவர். பிறகு சிரிக்கத் தொடங்கினார். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். அவளுக்கு அழுகையா சிரிப்பா என்று பிரிக்க முடியாத ஏதோ ஒன்று.

"அத வெளிய எடுத்திராதீங்க," என்றாள் மெதுவாக.

அவர் எடுக்கவில்லை. மெடலைச் சரி நடுவில், சுற்றும் தண்டுக்கு நேர் கீழே ஒட்டினார். தூக்கிப் பார்த்து நகர்த்தினார். இன்னும் ஒரு மயிரிழை நகர்த்தினார். அது மட்டமாகத் தொங்கியது. பொத்தானையும் நடுவுக்குக் கொண்டுவந்து, வலது குச்சியைத் தொடாமல் உயர்த்தினார். அந்த அவியும் அறையின் நடுவில், எங்கள் முகங்களின் உயரத்தில், ஹெலி எந்தப் பக்கமும் விருப்பமில்லாமல் நின்றது. அவ்வளவு சின்ன ஒன்று அவ்வளவு அமைதியாக நிற்பதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பிறகு அவர் வலது விரலைக் குச்சியில் வைத்தார்.

ஹெலி இடப்பக்கம் நகர்ந்தது. முன்போல் சுவர்வரை அல்ல; கொஞ்சமாக. அவர் திருத்தினார், வந்தது. மறுபடி நகர்ந்தது, மறுபடி வந்தது. தோழி வேறெங்கோ பார்த்தாள். இவ்வளவு தோண்டியிருக்க வேண்டாமோ என்று நினைத்தேன்.

ஆனால் அவர் ஹெலியை இறக்கிவிட்டு நிமிர்ந்தபோது முகம் தெளிந்திருந்தது.

"இப்ப போறதுதான் என்ட கை. அப்பிடித்தானே அக்கா?"

"ஓம்."

"இவ்வளவும்தானா?" என்றார். "நான் முழுக்க என்டதுன்னு நெனச்சிட்டன்."

அடுத்த கிழமை பரிசோதனைக்குப் போனார். கிரேனில் இப்போதைக்கு ஏற வேண்டாம், கீழே வேலை செய்துவிட்டுச் சில மாதம் கழித்து வந்து காட்டுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். நொந்துபோயிருப்பார் என்று பயந்துகொண்டே தொலைபேசி எடுத்தேன். "சரியாத்தான் சொல்லியிருக்காங்க," என்றார். "கொஞ்சம் இருக்குதானே. கொஞ்சம்னா வேல செஞ்சு எடுக்கலாம்." பின்னால் இறக்கைகள் இரையும் சத்தம் கேட்டது. யன்னலைத் திறக்கும்படி தோழி கத்திக்கொண்டிருந்தாள்.

இப்போதெல்லாம் என் வாழ்க்கையில் ஏதாவது ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும்போது, முழுப் பழியையும் என் மேல் போட்டுக்கொள்வதற்கு முன் ஒருதரம் கையை எடுத்துவிட்டுப் பார்க்கிறேன். அதன் பிறகும் என்னுடையதாக மிஞ்சுகிற அந்தக் கொஞ்சம், முன்புபோல் என்னைப் பயங்காட்டுவதில்லை.