மூன்று பங்களா, நாற்பத்தெட்டு பேர், ஒரு ஸ்டாப்வாட்ச்

காலை ஒன்பதே கால் மணிக்கு, தளி ரோட்டில் ஒரு பழைய துரை பங்களாவின் மரப்படிக்குக் கீழே நின்றுகொண்டிருந்தேன். என் கையில் இருந்தது, இருபத்தாறு வருட சர்வீஸில் நான் போட்ட மிக மோசமான அட்டவணை. அதன்படி அந்த நேரத்தில் நாங்கள் அங்கே இருக்கவே கூடாது.

இதைப் படிப்பவர்களில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருப்பவர்களுக்காக என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஓசூரில் வண்டிகளுக்கு ஒயரிங் செட் செய்யும் கம்பெனி எங்களுடையது. நான் டைம் ஸ்டடி ஆள். அடுத்தவர் வேலை செய்வதை ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்து, இதை இன்னும் நாலு செகண்ட் சீக்கிரம் செய்யலாமே என்று சொல்வதற்குச் சம்பளம் வாங்குகிறவன். லைனில் என்னைப் பார்த்தால் ஒருவரும் சிரிக்க மாட்டார்கள். வீட்டிலும் நிலைமை அப்படித்தான்.

1. கேட்டு பங்களா

எங்கள் கம்பெனி பஸ் தினமும் ஒரு பங்களாவைத் தாண்டிப் போகும். பெரிய இரும்பு கேட், உள்ளே நீளமான புல்வெளி, அதற்கப்பால் மரங்களுக்கு நடுவே வெள்ளைத் தூண்கள் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும். அந்த இடம் வந்ததும் பஸ்ஸில் இருக்கும் பெண்கள் எல்லோரும் இடது பக்கம் சாய்ந்து பார்ப்பார்கள். டிரைவர் கூட ஒரு கியர் குறைப்பார். கேட்டு பங்களா என்று பெயர் வைத்தவர்களும் அவர்கள்தான்.

மூன்றாம் லைன் லீடர் செல்வி, மத்தூர்க்காரர், பதினொரு வருடமாக அப்படிப் பார்த்துக்கொண்டு வருகிறவர். இந்த வருடக் கம்பெனி டூர் எங்கே என்று நான் கேட்டபோது அவர்தான் எழுந்து நின்றார். "கோயிலு, அருவி எல்லாம் பாத்தாச்சி சார். அந்தக் கேட்டுக்கு உள்ள போவணும்."

பங்களாவின் சொந்தக்காரர் பெங்களூரில் இருக்கிறார். மூன்று கடிதம் எழுதி, இரண்டு தடவை நேரில் போய், ஒரே ஒரு நாளுக்கு அனுமதி வாங்கினேன். அதுவும் மதியம் ஒரு மணி வரைக்கும்தான். பிற்பகலில் சொந்தக்காரரின் விருந்தாளிகள் வருகிறார்கள். எங்களாலும் தாமதிக்க முடியாது. பி ஷிப்ட் ஆட்களை ஏற்றப் போக அதே பஸ் இரண்டு மணிக்குக் கம்பெனியில் நிற்க வேண்டும்.

போவதுதான் போகிறோம், வழியில் இன்னும் இரண்டு பழைய பங்களாக்களையும் தோட்டங்களையும் சேர்த்துவிட்டேன். வரைபடத்தை வைத்து, தூரத்தில் இருப்பது முதலில், கம்பெனிக்குப் பக்கத்தில் இருப்பது கடைசியில் என்று அடுக்கினேன். கேட்டு பங்களா கடைசியில் போனது அப்படித்தான். அறிவாளித்தனம் என்றுதான் அப்போது நினைத்தேன்.

2. மாடிப்படி

ஒரு ஞாயிற்றுக்கிழமை முதல் பங்களாவை நானே நடந்து பார்த்து நேரம் எடுத்திருந்தேன். இருபத்திரண்டு நிமிடம். எங்கள் துறை வழக்கப்படி களைப்புக்கும் தாமதத்துக்கும் கொஞ்சம் கூட்டி அரை மணி என்று எழுதினேன்.

டூர் அன்று எட்டு மணிக்கு உள்ளே நுழைந்தோம். அந்தக் கட்டடத்தின் வரலாற்றைப் பற்றி நான் தயாரித்துவந்த சிற்றுரையின் இரண்டாம் வாக்கியத்தில் திரும்பிப் பார்த்தால், காவலாளி மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். மற்றவர்கள் மரப்படியடியில் வரிசை கட்டியிருந்தார்கள். வளைந்து ஏறும் படி, மேலே வண்ணக் கண்ணாடி ஜன்னல், அதன் வழியே விழும் சிவப்பும் நீலமுமான வெளிச்சம். ஒவ்வொருவரும் ஏழாவது படியில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும். போனைத் தோழியிடம் கொடுத்து, அது லாக் ஆகி, நம்பர் சொல்லி, கேமரா திறந்து, முந்தானை சரி செய்து, மூன்று படம் எடுத்து, இறங்கிவந்து பார்த்து, கண் மூடியிருக்கிறது என்று மறுபடி ஏறி... ஒரு ஆளுக்கு இரண்டரை நிமிடம்.

"போதும், கிளம்புங்கள்!" என்று கத்தினேன்.

இசக்கியம்மாள் படியில் நின்றபடியே சொன்னார். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், ஹாஸ்டலில் இருப்பவர். "ஒரே ஒரு போட்டோ சார். எங்கம்மைக்கு அனுப்பணும்லா. நான் யூனிபார்ம் இல்லாம இருக்குத போட்டோவே அவகிட்ட கெடயாது."

நான் ஒதுங்கி வழி விட்டேன்.

செல்வி என் அட்டவணையை எட்டிப் பார்த்தார். "சார், இந்த ஷீட்டுப்படி இப்ப நாம ரெண்டாவது தோட்டத்துல கீறோம். இங்க பாதிப் பேரு இன்னும் படியே ஏறல."

கிளம்பும்போது பத்தேகால். இரண்டாவது இடத்திலும் இதே வேகம் என்றால், கேட்டு பங்களாவுக்குப் போய்ச் சேரும்போது கேட்டை மட்டும்தான் பார்க்க முடியும். அதைத்தான் பதினொரு வருடமாகப் பார்க்கிறார்களே.

3. பஸ்ஸில் நடந்த விசாரணை

செல்வி என் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தார்.

"கோவிச்சிக்காதீங்க சார். நீங்க டிரையல் எடுத்தப்ப எத்தினி பேரு?"

"நான் ஒருத்தன்தாம்மா."

"போட்டோ எடுத்துக்கினீங்களா?"

"என்னையா? எதுக்கு?"

அவர் என் முகத்தை ஒரு தடவை நிதானமாகப் பார்த்தார். "அதுவும் சரிதான்" என்றார்.

பிறகு என்னிடமிருந்து பேனாவை வாங்கி, அட்டவணையின் பின்பக்கம் வரிசை, முந்தானை, போட்டோ என்று மூன்று கட்டம் போட்டார். "போட்டோ எடுக்கறதுக்கு டைம் ஆவல சார். போனு மாத்தறதுக்குத்தான் ஆவுது. லைன்ல மாடல் மாத்தறப்ப இதுதான் செட்டப் டைம்னு எங்கள எத்தினி வாட்டி திட்டியிருப்பீங்க?"

திட்டியிருக்கிறேன். வேலை தொடங்குமுன் ஆயத்தத்திலேயே போய்விடும் நேரம்தான் செட்டப் டைம் என்று கிளாஸ் கூட எடுத்திருக்கிறேன்.

அவர் எழுந்து பஸ்ஸின் நடுவில் நின்றார். "ஏ புள்ளைங்களா! கேட்டு பங்களா வோணுமா, வாணாமா?"

"வோணும்க்கா!"

"அப்ப எல்லாருக்கும் ஒரே போனு. இசக்கி போன்லதான் கேமரா நல்லா கீது. அவ எடுப்பா, அப்பால குரூப்ல போட்டுருவா. ஒருத்தி நிக்கறப்ப அடுத்தவளுக்கு முந்தான சரி பண்ணணும், அதுக்கு ரெண்டு பேரு. ஆளுக்கு ஒரு படம். கண்ண மூடினா உன் தலையெழுத்து!"

இரண்டாவது பங்களாவில் மூன்றடுக்குத் தோட்டம், தாமரைக் குளம், ரோஜாக்கொடி ஏறிய வளைவு. அந்த வளைவுக்குக் கீழே லைன் ஓடியது. ஒரு பக்கம் முந்தானைக்குப் பின் குத்தி அனுப்பினார்கள். நடுவில் வந்து நின்று சிரித்தார்கள். "நெக்ஸ்டு!" என்றார் இசக்கி. பழக்கதோஷத்தில் வாட்சை அழுத்தினேன். ஆளுக்கு இருபத்தைந்து செகண்ட். நாற்பத்தெட்டு பேருக்கும் இருபதே நிமிடம். இன்னும் பதினைந்து நிமிடம் குளத்தைச் சுற்றிவிட்டு பஸ் ஏறினோம். நாற்பத்தொன்பதாவதாக என்னையும் பிடித்து நிறுத்தினார்கள். கண்ணை மூடிவிட்டேன்.

4. கேட்டுக்கு உள்ளே

பதினொன்று ஐம்பதுக்கு அந்த இரும்பு கேட் திறந்தது. பஸ்ஸுக்குள் எழுந்த சத்தத்தில் டிரைவர் பயந்து பிரேக் போட்டார்.

காவலாளி முனியப்பா வீட்டில் தெலுங்கு, தோட்டத்தில் கன்னடம், எங்களிடம் தமிழ் பேசுகிறவர். ஹால், பியானோ, மான் கொம்பு, பின்னால் செண்பக மரங்கள் என்று இருபது நிமிடத்தில் எல்லாவற்றையும் காட்டி முடித்தார். ஐம்பது நிமிடம் மீதி இருந்தது. அடுத்த நடவடிக்கைக்காக நான் அட்டவணையைத் தேடினேன். அது செல்வியிடம் இருந்தது. செல்வி புல்வெளியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மற்றவர்களும் அங்கங்கே உட்கார்ந்துவிட்டார்கள். இசக்கி மல்லாந்து படுத்துத் தூங்கியே போனார்.

"ஏனம்மா, அல்லாரும் ஒக்காந்துட்டீங்க? பாக்கலியா?" என்றார் முனியப்பா.

"பாத்துட்டோம்ணா" என்றார் செல்வி. "இப்ப சும்மா இருக்கறோம்."

ஒரு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது நாற்பத்தெட்டு பேரும் பஸ்ஸில் இருந்தார்கள். நான் ஒரு தடவை கூடக் கத்தவில்லை.

மறுநாள் ரிப்போர்ட் கேட்டார் பிளாண்ட் ஹெட். போட்டோ லைனைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தார், முகத்தில் மகிழ்ச்சி. இருபத்தைந்து செகண்டை இரண்டு தடவை வாசித்தார். கடைசி வரிக்கு வந்ததும் பேனாவால் வட்டம் போட்டார்.

"எல்லாம் பிரமாதம்யா. ஆனா இந்த அம்பது நிமிஷம்? ஆக்டிவிட்டின்னு எதுவுமே எழுதலையே. ஐடில் டைமா?"

ஐடில் டைம், அதாவது வேலை நடக்காமல் வீணாகும் நேரம், என்ற சொல்லை இந்தத் தொழிற்சாலையில் என்னைவிட அதிகம் சொன்னவர் யாரும் இல்லை. அதை ஒழிப்பதற்காகவே என்னை வேலைக்கு வைத்திருக்கிறார்கள். புதியவர்களுக்கு நான் சொல்லக்கூடிய பாடமும், அன்று அவருக்குச் சொன்ன பதிலும் ஒன்றுதான்.

"இல்ல சார். அதுதான் சார் புரொடக்‌ஷன். மத்ததெல்லாம் செட்டப்."