அம்மா நின்று வாசித்த வயலின்

என் அம்மா வயலின் வாசிப்பார் என்பது ஒன்பது வயது வரை எனக்குத் தெரியாது. புட்டு அவிப்பார், தரை துடைப்பார், பேன் சீப்பால் என் மண்டையை உரிப்பார். இதெல்லாம் தெரியும். வயலினைப் பற்றி மட்டும் வீட்டில் ஒருவரும் மூச்சு விட்டதில்லை.

சுவிஸின் வின்டர்தூரில் நான் படித்த பள்ளிக்கூடத்தையே அம்மா பின்னேரங்களில் துப்புரவு செய்தார். பள்ளிக்கூடத்தைப் பராமரிக்கும் அப்வார்ட் ஒரு பெரிய மீசைக்காரர். அவரிடம் ஒரு கொழுத்த நாய் இருந்தது. அம்மா துடைத்த ஈரத்தில் நடப்பதே அதன் தொழில். அவர் "ஹொக்!" என்று அதட்டினால் வாசலிலேயே குந்திவிடும். அவர் இல்லாத நேரங்களில் அம்மாவும் அப்படியே அதட்டுவார்.

அந்த வருடம் அப்வார்ட்டும் ஒரு தபால்காரரும் சேர்ந்து, பழைய கிராமத்து ஆட்டப் பாட்டுகளை வாசிக்க ஒரு குழு தொடங்கினார்கள். அவரிடம் கைக்கு அடக்கமான ஒரு அக்கோர்டியன். தபால்காரரிடம் ஆளை விட உயரமான பாஸ் என்ற தந்தி வாத்தியம். நிலக்கீழ் அறையில் வயலினும் இருந்தது, பெட்டிக்குள். வாசிக்கத்தான் ஆள் இல்லை. பள்ளிக்கூடத்துக் கோடை விழாவுக்கோ நாலே கிழமை.

ஒரு பின்னேரம் அவர்கள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்க, அம்மா வாளியை ஓரமாக வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பெட்டியைத் திறந்தார். தரையில் அமர்ந்து, வலது காலை முன்னே விட்டு, வயலினின் தலையைக் கணுக்காலில் ஊன்றி, மறுபக்கத்தைத் தோளோடு அணைத்தார். தந்திகளைத் தன் முறைக்கு முறுக்கினார். அப்வார்ட் ஒரு பாட்டை வாசித்துக் காட்ட, துப்புரவு அட்டவணையின் பின்பக்கத்தில் ஸ ரி க ம என்று கிறுக்கிக்கொண்டே போனார். இரண்டாம் தடவை சேர்ந்து வாசித்தார். துள்ளிக் குதிக்கிற பாட்டு, அம்மாவின் விரல் வழுக்கிய இடமெல்லாம் குழைந்தது. தபால்காரர் தன் பாஸை மறந்துவிட்டார். இந்தக் கையா என் தலையில் பேன் பார்த்தது என்று நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். பெருமையில் எனக்கு அழுகை வந்தது.

அந்தப் பெருமை வீட்டுக்குப் போகும் வரைதான். விழாவுக்கு என் வகுப்பே வரும். மற்றவர்கள் நிற்க, என் அம்மா மட்டும் தரையில் இருப்பதா? வகுப்பில் ஒருத்தி ஏற்கெனவே, உங்கள் வீட்டில் கதிரை இல்லையா என்று கேட்டிருந்தாள்.

அடுத்த ஒத்திகையில் அப்வார்ட், மேடையிலும் அம்மா உட்கார்ந்தே வாசிக்கட்டும், கம்பளம் விரித்துத் தருகிறேன் என்றார். எங்கள் வீட்டில் விசாக் கடிதத்திலிருந்து பல்வைத்தியர் வரைக்கும் மொழிபெயர்ப்பு நான்தான்.

"என்னவாம் சொல்லுறார்?"

"நிண்டுதான் வாசிக்க வேணுமாம்."

அம்மா கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். "அப்பிடியோ? சரி, நிண்டு பாப்பம்."

ஒரு பொய் தனியாக நிற்காதல்லவா. அப்வார்ட்டிடம், அம்மாவுக்கு நிற்கத்தான் விருப்பமாம் என்றேன்.

அந்தப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து, மூன்று கிழமை அம்மா குசினியில் தோளில் துவாயை மடித்து வைத்து, நாடியால் வயலினை அழுத்தி நின்று பழகினார். இடது கை அதைத் தாங்குவதா வாசிப்பதா என்று தவித்தது. "ஆரப்பா பூனையை மிதிக்கிறது?" என்று அப்பா எட்டிப் பார்த்தார். அம்மாவின் கழுத்தில் சிவப்பாக ஒரு தழும்பு விழுந்தது. அதைக் கண்டும் நான் வாய் திறக்கவில்லை.

விழாவில் அம்மா சேலையோடு நின்றார். பாட்டு நொண்டியது. வயலின் ஒருதரம் வழுக்கியது, இன்னொருதரம் வழுக்கியது. எனக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். அப்போது அப்வார்ட், வாசிப்பை நிறுத்தாமலே, மேடைப் பலகையில் பொத்தென்று குந்தினார். பக்கத்து இடத்தை மீசையால் காட்டி அம்மாவிடம் ஏதோ சொன்னார். அம்மா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். வில் அந்தரத்தில் நின்றது. விளங்கவில்லையாக்கும் என்று நினைத்து, "இருக்கட்டாம் அம்மா!" என்று கத்தினேன்.

அம்மா அமர்ந்து காலை நீட்டினார். அதற்குப் பிறகு அந்த மண்டபத்தில் நடந்ததை எத்தனையோ பேருக்குச் சொல்லிப் பார்த்துவிட்டேன், ஒருதரமும் சரியாக வந்ததில்லை. கிழவர்கள் எழும்பி ஆடினார்கள். பாஸோடு உட்கார வழியில்லாத தபால்காரர் மட்டும் கொக்குப்போல் நின்றார். கதிரையைப் பற்றிக் கேட்டவள், அம்மாவின் விரல்களைப் பார்ப்பதற்காகக் கதிரை மேல் ஏறி நின்றாள்.

அம்மாவுக்கு டொச் பாஷை தெரியாதது எவ்வளவு நல்லது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அடுத்த கிழமை அம்மா பள்ளிக்கூட நடையைத் துடைத்துக்கொண்டிருக்க, நாய் ஈரத்தில் கால் வைக்க வந்தது. "ஹொக்!" என்றார் அம்மா, திரும்பியும் பாராமல். நாய் குந்தியது. ஒத்திகையில் அப்வார்ட் என்னிடம் சொன்னதும் அந்தச் சொல்தான், மேடையில் அம்மாவிடம் சொன்னதும் அதேதான். மூன்று கிழமை தெரிந்தே நின்றவர், மேடையில் என்னிடம் அனுமதிதான் கேட்டிருக்கிறார். அன்று பக்கத்தில் இருந்த எனக்கு இது ஒன்றும் விளங்கவில்லை. வீட்டுப்பாடத்தை எழுதிக்கொண்டிருந்தேன்.