வயலில் விழுந்த கல்

போர்க்காலத்தில் நானாட்டான் என்ற ஊரின் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் இடைவேளையில், என் வகுப்பு மாணவி ஒருத்தியின் தகப்பன் உரப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். கமக்காரர்.

"ரீச்சர், நேற்றுப் பின்னேரம் வயலுக்கை விழுந்தது. ஷெல் எண்டு நினைச்சு வரம்போட படுத்திட்டன். பிறகு பார்த்தால் கல்லு."

தேங்காயளவு இருந்தது. வெளியே அடிப்பிடித்த சட்டியின் கருமை, உடைந்த ஓரத்தில் சாம்பல் நிறம். காந்தத்தை வைத்தேன், ஒட்டிக்கொண்டது. அதுவரை புத்தகத்தில் மட்டும் கண்ட விண்கல்லைக் கையில் வைத்திருந்தேன். வாய் ஓயாமல் பேசினேன். இப்படியான கற்கள் மோதி மோதித்தான் பூமி வளர்ந்தது என்றேன். கடல் நீரில் ஒரு பங்கும், உயிர்கள் உண்டாகத் தேவையான காபனும் இவற்றோடும் வால்வெள்ளிகளோடும் வந்திருக்கலாம் என்றேன்.

அவர் யோசித்துவிட்டுக் கேட்டார்: "அப்ப விழுந்த இடத்தில நெல்லு நல்லா விளையுமோ?"

"அது தெரியாது ஐயா. பல்கலைக்கழகத்தில குடுத்தால் சோதிச்சுச் சொல்லுவினம். நான் கடிதம் தாறன்."

கடிதத்தைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் அவருடைய மனைவி வந்தார். "கல்லோட போன மனிசனை ஆமி சோதனைச் சாவடியில பிடிச்சு வைச்சிருக்கிறாங்கள், ரீச்சர். குண்டாம். உங்கட கடிதத்தை அங்க வாசிக்க ஒருத்தரும் இல்லையாம்."

அரசாங்கக் கந்தோரில் வேலை செய்த, எனக்குத் தெரிந்த எழுதுவினைஞரிடம் விளக்கத்தைச் சிங்களத்தில் எழுதுவித்துக்கொண்டு நானும் அவர் மனைவியும் இராணுவ முகாமுக்குப் போனோம். அதிகாரி இரண்டு தரம் வாசித்துவிட்டு உடைந்த தமிழில் கேட்டார்:

"விழுந்ததை யார் கண்டது?"

"அவர் மட்டும்தான்."

மறுநாள் விட்டார்கள். கல்லை வெடிவைத்துத் தகர்த்துவிட்டதாகச் சொன்னார்கள். அவரைப் பார்க்க வீட்டுக்குப் போனேன். அவருடைய வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது.

"நீங்கள் நல்லதுக்குத்தானே சொன்னனீங்கள்," என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. மனைவி தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்த தவணைக்கு அவர்களுடைய மகள் பாடசாலைக்கு வரவில்லை. வவுனியாவில் உறவினர் வீட்டில் விட்டுவிட்டார்களாம்.

மறு வருடம் விண்கற்கள் பற்றிய பாடம் வந்தது. புத்தகத்தில் இருந்து கண்ணை எடுக்காமல் வாசித்து முடித்தேன். முன்வரிசைப் பிள்ளை ஒன்று எழுந்து கேட்டது:

"ரீச்சர், நீங்கள் அப்பிடிக் கல்லு கண்டிருக்கிறியளோ?"

"இல்லை," என்றேன்.