வண்டிக்கு அடியில் பச்சைத் தண்ணீர்

என் வண்டிக்கு அடியில் தினமும் காலையில் தேங்கிக் கிடந்த பச்சைத் தண்ணீர், பக்கத்து வீட்டுச் சாயக்காரர் கொட்டியது என்று ஒரு மாதம் முழுக்க நம்பினேன். சிரிப்பதற்கு முன்னால் எங்கள் தெருவைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். காஞ்சிபுரத்தில் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிற வீடு ஒன்று தெருவில் இருந்தால், வாய்க்காலில் தண்ணீர் தண்ணீர் நிறத்தில் ஓடுவதுதான் அதிசயம். ஒரு நாள் அரக்கு, ஒரு நாள் மாம்பழ மஞ்சள். அதில் பச்சை வந்தால் யாராவது வண்டியைச் சந்தேகப்படுவார்களா?

அதுவும் அந்த வண்டியை! சென்னையில் ஒரு டாக்டர் எட்டு வருடம் ஓட்டிய வெளிநாட்டு வண்டி. யாராவது ஜீப் என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும், எஸ்.யூ.வி. என்று சொல்ல வேண்டும். தோல் சீட்டு, கூரையில் திறக்கிற கண்ணாடி, காஞ்சிபுரத்துக்கு மிகவும் தேவையான ஹீட்டர். புதுச் சின்னக் கார் ஒன்றின் விலைக்குக் கிடைத்தது. நான் ஜரிகை வியாபாரி. ஒரு இழையைச் சுரண்டிப் பார்த்தே அசலா போலியா என்று சொல்லிவிடுவேன். வண்டியில் எதையும் சுரண்டவில்லை. பெயின்ட் பளபளத்தது, பணத்தைக் கொடுத்துவிட்டேன்.

மூன்றாம் மாதம் பின்பக்கக் கண்ணாடிகள் இறங்க மறுத்தன. நான்காம் மாதம், காற்றில் நிற்கிற சஸ்பென்ஷன் எங்கேயோ ஒழுகி, காலையில் வண்டி எருமை மாதிரி ஒரு பக்கமாகப் படுத்துக் கிடக்கும். ஸ்டார்ட் பண்ணினால் மெல்ல எழுந்து நிற்கும்.

"மரியாதை தெரிஞ்ச வண்டி. என்னப் பார்த்ததும் எழுந்து நிக்குது பாரு" என்றேன் மனைவியிடம். அவள் பீரோ சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அதுதான் பயமாக இருந்தது.

இந்த நிலையில்தான் பச்சைத் தண்ணீர். ஒரு நாள் காலை சாயக்காரரிடம் கத்தியே விட்டேன். நேரம் பார்த்துத்தான் கத்தினேன்: அவர் மகள் கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருந்தது. மாப்பிள்ளை அழைப்புக்கு என் வண்டியைத் தருவதாக நானே வாக்குக் கொடுத்திருந்தேன்.

"இன்னாபா, தினமும் என் வண்டிக்கு அடியில சாயத்த ஊத்துற? டயர் வெந்துடும்பா!"

"பச்சையா?" அவருக்குக் கோபமே வரவில்லை. "இந்த மாசம் பூரா அரக்குதான்பா போட்டுக்கினு இருக்கேன். பச்சைக்கு ஆர்டரே இல்ல."

"அப்ப பல்லவ ராஜா வந்து ஊத்திட்டுப் போறாரா?"

"இரு. நூலக் கேட்டா அதுவே சொல்லிடும்."

அந்தப் பச்சைத் தண்ணீரைக் கொட்டாங்கச்சியில் அள்ளி, சின்னச் சட்டியில் ஊற்றி அடுப்பில் வைத்தார். சூடானதும் வெள்ளைப் பட்டு நூலில் ஒரு பிடியை அதில் முக்கினார். தெருவில் பாதிப் பேர் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து எடுத்து நல்ல தண்ணீரில் அலசிப் பிழிந்தார். நூல் வெள்ளை வெளேரென்று இருந்தது.

"சாயம்னா ஏறணும்பா. இது ஏறல. என் சரக்கு இல்ல இது, உன் வண்டியோடது" என்று நூலை என் தோளில் போட்டுவிட்டு உள்ளே போனார்.

ஏனாத்தூர் சாலையில் இருந்த மெக்கானிக் பானெட்டைத் திறந்து ஒரு நிமிடம்தான் பார்த்தார்.

"வாட்டர் பம்ப் சீல் போயிருக்குது சார். என்ஜினைக் குளிர வைக்கிற கூலன்ட் ஒழுகிக்கினு இருக்குது. அது பச்சையாத்தான் இருக்கும்."

"எவ்ளோ ஆகும்?"

"பம்ப் மட்டும் பதினாலாயிரம். பம்பாய்லருந்து வரணும். ரெண்டு வாரம்."

கூலி, குழாய், மறுபடி கூலன்ட் என்று அது கடைசியில் இருபதாயிரத்தைத் தாண்டியது வேறு விஷயம். அப்போது என் காதில் விழுந்தது இரண்டு வாரம் மட்டும்தான்.

"ஞாயித்துக்கெழம கல்யாணம்பா!"

"யாருக்கு சார், வண்டிக்கா?"

வீடு திரும்புவதற்குள் என் மனதில் எல்லாம் நடந்து முடிந்துவிட்டது. ராஜ வீதி நடுவில் என்ஜின் வெடிக்கிறது, நாதஸ்வரக்காரர் ஓடுகிறார், சம்பந்தி வீட்டார் அப்படியே பஸ் ஏறுகிறார்கள். வண்டி திருடு போய்விட்டது என்று சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன். காலையில் படுத்தால் மத்தியானம் எழுந்து நிற்கிற வண்டியை எவன் திருடுவான்?

கடைசியில் சாயக்காரரிடம் உண்மையைச் சொன்னேன். காலையில் நான் கத்தியதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. முகம் மட்டும் சுருங்கியது.

"சம்பந்திகிட்ட வாக்கு குடுத்துட்டேன்பா. வாலாஜாபாத்லருந்து அவங்க ஆளுங்க இந்த வண்டியப் பாக்கவே வராங்க. வேற வண்டி வந்தா எம் பொண்ணுதான் காலம் பூரா பேச்சு வாங்கணும்."

மறுபடி மெக்கானிக்கிடம் ஓடினேன்.

"வேகமாப் போனா காத்து பட்டு ஆறிடும் சார். நீங்க மேளத்துக்குப் பின்னாடி ஊர்ந்துக்கினு போவீங்க, அதான் ஆபத்து. தண்ணிய ரொப்பிக்கோங்க. ஹீட்டரை ஃபுல்லா போட்டுடுங்க. என்ஜின் சூடு வண்டிக்குள்ள வந்துடும்."

"உள்ள மாப்பிள்ளை இருப்பாருய்யா!"

"அவருக்கு சீல் போகாது சார்."

வைகாசி மாதத்து மாலை. கோட்டும் மாலையுமாக மாப்பிள்ளை பின் சீட்டில் உட்கார்ந்தார். நான் சாமியைக் கும்பிட்டு ஹீட்டரைத் திருகினேன். ஐந்து நிமிடத்தில் உள்ளே இட்லிப் பானை மாதிரி ஆகிவிட்டது.

"சார், ஏசி..."

"போட்டிருக்கேன் மாப்ள. பெரிய வண்டி, குளிர நேரமாவும்."

"கண்ணாடியாச்சும்..."

"தூசு வரும் மாப்ள."

தெரு முனையில் நாதஸ்வரக்காரர் நின்று ஒரு ராகத்தை விஸ்தாரமாக ஆரம்பித்தார். சூட்டைக் காட்டும் முள் மேலே ஏறியது. நல்ல சங்கீதத்தை வாழ்நாளில் முதல் முறையாக வெறுத்தேன். கண்ணாடியில் பார்த்தால் மாப்பிள்ளைக்குக் கண் சொருகுகிறது. பயத்தில் கைக்குக் கிடைத்த பொத்தானை அழுத்தினேன். கூரைக் கண்ணாடி திறந்தது. அந்த வண்டியில் ஒழுங்காக வேலை செய்தது அது ஒன்றுதான்.

மாப்பிள்ளை சீட்டின் மேல் ஏறி, இடுப்புக்கு மேலே வெளியே வந்து நின்று மூச்சு வாங்கினார். கூட்டத்தில் விசில் பறந்தது.

"மாப்ள ஸ்டைலப் பார்டா!"

சம்பந்தி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். பக்கத்தில் நடந்துவந்த சாயக்காரர் குனிந்து என் ஜன்னலுக்குள் பார்த்து, ஹீட்டர் காற்று முகத்தில் அடித்ததும் சட்டென்று நிமிர்ந்துகொண்டார்.

மண்டபம் வரை வண்டி நிற்கவில்லை. முள் சிவப்பைத் தொடவில்லை. மாப்பிள்ளையின் கோட்டு மட்டும் பிழிகிற அளவுக்கு நனைந்திருந்தது. அதை ஃபேனுக்கு அடியில் காயப்போட்டார்கள். வரவேற்பு அரை மணி நேரம் தாமதமாக ஆரம்பித்தது.